கல்லில் பெயர் பெற்றவர்கள்: பழைய சேலம் மாவட்டத்து நடுகற்களும் தோட்டக் கல்லறைகளும்

1965இல் தருமபுரியும் 1997இல் நாமக்கல்லும் தனி மாவட்டங்களாகப் பிரிவதற்கு முன் இருந்த பெரிய சேலம் மாவட்டத்தில் பெயர் பொறித்த நினைவுக் கற்கள் இரண்டு வகை. அரூர், ஊத்தங்கரை, தருமபுரிப் பக்கத்து நடுகற்கள் ஒன்று. சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டில் காப்பித் தோட்டத் துரைமார் காலத்துக் கல்லறைகள் மற்றொன்று. முன்னதைக் கல்வெட்டறிஞர்களும் பின்னதைக் காலனிய வரலாற்றாசிரியர்களும் தனித்தனியே படித்து வந்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. மாடு மீட்டுச் செத்த சேவகனுக்குப் பெயரும் கல்லும் தந்த இதே நிலத்தில், தோட்டக் கூலியாக உழைத்துச் செத்தவனுக்கு அவை கிடைக்காமல் போனது ஏன்? வறுமை, கல்வியின்மை, சாதி வழக்கம் ஆகியவையே காரணம் என்பது வழக்கமான விடை. அவை துணைக்காரணங்களே என்பது இக்கட்டுரையின் வாதம். இறந்தவனுக்கு இருப்பவன் கடன்பட்டிருந்தபோது பெயர் கல்லில் ஏறியது. உழைத்தவனே கடன்காரனாக ஆக்கப்பட்டபோது அது ஏறவில்லை.

நடுகல் எழுத்தின் வளர்ச்சியைப் பார்த்தால் இது விளங்கும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்துக் கல், ஊரின் பெயரையும் ஆநிரைப் பூசலையும் வீழ்ந்தவன் பெயரையும் மட்டுமே சொல்கிறது. அரசன் அதில் இல்லை. கடன்பட்டவர்கள் ஊராரும் உறவினரும்தான். பல்லவர் காலத்து வட்டெழுத்துக் கற்களில் அமைப்பு மாறுகிறது. அரசனின் ஆட்சியாண்டு முதலில், அவனுக்குக் கீழ்ப்பட்ட தலைவன் பெயர் அடுத்து, அந்தத் தலைவனின் சேவகனோ இளமகனோ தொறு (ஆநிரை) மீட்டுப் பட்ட செய்தி அதன்பின், கடைசியில் ‘கல்’ என்ற சொல். அதிகாரத்தின் வரிசை முழுவதையும் கடந்துதான் செத்தவனை அடைகிறோம். ஆனாலும் அடைகிறோம் என்பதே முக்கியம். இரா. நாகசாமி பதிப்பித்து 1972இல் தொல்லியல் துறை வெளியிட்ட செங்கம் நடுகற்கள் தொகுப்பு இதற்கு நல்ல சான்று. ஊத்தங்கரையை அடுத்த அந்தச் செங்கம் பகுதியின் எடுத்தனூர்க் கல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காத்து வீழ்ந்த கருந்தேவக்கத்தியோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயின் பெயரையும் அது பதிந்திருக்கிறது. காவலுக்குக் கைம்மாறு செய்தாக வேண்டும் என்ற உணர்வு விலங்கையும் விட்டுவிடவில்லை. வீழ்ந்தவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி, நெய்த்தோர்ப்பட்டி என்ற பெயர்களில் நிலம் வழங்கியதைக் கல்வெட்டுகள் பேசுகின்றன. கல் அந்தக் கடனின் பொது அறிவிப்பு. நிலம் அதன் அடைப்பு.

நடுகல் மரபும் எல்லோரையும் நினைக்கவில்லையே என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். ஏர் உழுதவன், நெல் குற்றியவள், பிள்ளை பெற்றுச் செத்தவள் யாருக்கும் அதில் இடமில்லை. பழங்காலம் சமத்துவம் மிக்கது என்பது என் வாதமன்று. எந்த உழைப்பு கடனாக ஒப்புக்கொள்ளப்பட்டதோ அந்த உழைப்புக்குக் கல் கிடைத்தது என்பதைத்தான் இந்த விடுபடல்களும் காட்டுகின்றன. சோழர் காலத்துக்குப் பின் சிற்றரசர் படைகளின் இடம் மாற மாற நடுகல்லில் எழுத்து அருகியது. உருவம் மட்டும் நின்றது. தருமபுரிப் பக்கத்தில் அது வேடியப்பனாக வழிபாடு பெற்றது. பெயர் மறைந்தாலும் வணக்கம் தொடர்ந்தது.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் பெருகின, துரைமார் குடும்பங்கள் குடியேறின, 1853இல் ஏற்காட்டில் திருத்துவ ஆலயம் எழுந்தது. கல்லறை எழுத்தில் இப்போது வரிசை தலைகீழாகிறது. இறந்தவர் பெயர் முதலில், தேதியும் வயதும் அடுத்து, கல்லை எழுப்பிய மனைவி மக்களின் குறிப்பு இறுதியில். கடன் அரசனிடமிருந்து குடும்பத்துக்கு இறங்கிவிட்டது. இது குடும்பத்தின் தனிப்பட்ட துயரம், இதில் அதிகாரத்தைத் தேடுவது தகாது என்று சொல்வோர் உண்டு. அந்தத் துயரத்தின் உண்மையை நான் மறுக்கவில்லை. அந்நிய மண்ணில் பிள்ளையைப் புதைத்த தாயின் வரி எந்த மொழியிலும் நெஞ்சைச் சுடும். ஆயினும் அந்த எழுத்து குடும்பத்தோடு நிற்கவில்லை. ஜே.ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சென்னை மாகாணக் கல்லறை எழுத்துகளைத் தொகுக்க, 1905இல் அது அரசு வெளியீடாக அச்சேறியது. இலங்கைக்கு ஜே. பென்றி லூயிஸ் 1913இல் அதே வேலையைச் செய்தார். குடும்பம் வெட்டிய கல்லை அரசு ஏட்டில் ஏற்றியது.

அதே காலத்தில் சமவெளியில் நடந்ததைப் பக்கத்தில் வைக்க வேண்டும். 1871இல் சுமார் 19.7 இலட்சமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை, 1876-78 பஞ்சத்துக்குப் பின் 1881இல் சுமார் 16 இலட்சமாகச் சரிந்தது. செத்தவர்கள் பாதி, ஊரைவிட்டுப் போனவர்கள் பாதி என்று கொண்டாலும் நடுங்க வைக்கும் கணக்கு. சேலம், நாமக்கல், திருச்சி வட்டாரங்களிலிருந்து தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்தது முன்பணம் கொடுத்துத்தான். முன்பணம் வாங்கி வேலையை விட்டவனைக் குற்றவாளியாக்க 1859ஆம் ஆண்டின் ஒப்பந்த மீறல் சட்டம் இருந்தது. 1925இல்தான் அதை நீக்கினார்கள். இலங்கைத் தோட்டங்களில் தொழிலாளியின் கடனைத் ‘துண்டு’ச் சீட்டில் எழுதித் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றும் முறை 1921 வரை சட்டப்படி நடந்தது. கணக்கில் தொழிலாளி எப்போதும் கொடுக்க வேண்டியவன். அவன் சாவு முதலாளிக்கு வராக்கடன். வராக்கடனுக்கு எவனும் கல் நடுவதில்லை.

இந்த மக்களுக்குப் புதைகுழிமேல் எழுதும் வழக்கமே இல்லை, பலர் எரிப்பவர்கள், எழுத்தறியாதவர்கள் என்பது கடைசி மறுப்பு. நடுகல்லுக்கு உடல் தேவையே இல்லை. வீழ்ந்த இடத்திலோ ஊர் எல்லையிலோ அதை நட்டார்கள். கல்கத்தாவில் 1912இல் இறந்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவுக்கல்லும் ஏற்காட்டில்தான் இருக்கிறது. கருந்தேவக்கத்தியின் உறவினர்களுக்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. எழுதத் தெரிந்தவனை அமர்த்த ஒரு தலைவன் கடமைப்பட்டிருந்தான். தோட்டத்திலோ எழுத்துக்குப் பஞ்சமே இல்லை. கணக்கப்பிள்ளை நாள்தோறும் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதினார். ஆள் போனதும் அடித்துவிட்டார். ஆகவே தோட்டக் கல்லறைகளின் வரலாற்றைக் காட்டனின் பட்டியலை மட்டும் வைத்து எழுத முடியாது. செக்ரோல், முன்பணச் சீட்டு, கிராமக் கர்ணத்தின் இறப்புப் பதிவேடு ஆகியவற்றில் மிஞ்சியவற்றைத் தேடிச் சேர்த்து, அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பதிப்பிப்பதே கல்வெட்டாய்வாளர்கள் அடுத்துச் செய்ய வேண்டிய பணி.