கட்டாய மனநல அனுமதியும் குடும்பத்தின் கையொப்பமும்: மட்டக்களப்பை முன்வைத்து ஒரு விசாரம்

மனங்கலங்கித் தன் நன்மை இன்னதென்று தான் அறியாத நிலையிலுள்ள ஒருவரை அவருடைய விருப்பத்துக்கு மாறாக வைத்தியசாலையிற் சேர்க்கும் அதிகாரம் எவரிடம் இருத்தல் வேண்டும் என்னும் வினாவை, மேனாட்டு நீதிநூலார் பெரும்பாலும் அரசுக்கும் தனிமனிதருக்கும் இடையிலான விவகாரமாகவே ஆராய்ந்துள்ளனர். மட்டக்களப்பு வாவியின் இருகரைகளிலும் அவ்விவகாரத்தின் கட்சிக்காரர் வேறு: தாயும் மகனும், அக்காவும் தம்பியும், பெண்சாதியும் புருஷனும். வீட்டாரே கொண்டுவருகின்றனர், வீட்டாரே ஒப்பமிடுகின்றனர், குணங்கண்டபின் அழைத்துச் செல்பவரும் அவர்களே. கட்டாய அனுமதியின் பொறுப்பைக் குடும்பத்தின் கையொப்பத்தின்மேல் ஏற்றிவைக்கும் இந்நடைமுறை நோயாளியின் சுதந்திரத்துக்குப் போதிய காவலாகவும் அமைவதில்லை, அவர் திரும்பிப்போய் வாழவேண்டிய உறவையும் பழுதாக்கிவிடுகின்றது. ஆதலால் அப்பொறுப்பு வைத்தியர்மேலும் சட்டத்தின்மேலும் வெளிப்படையாக ஏற்றப்படுதல் வேண்டும் என்பதே இங்கு நாம் நிறுவப் புகுவது.

இலங்கையில் இவ்விடயம் பற்றிய மூலச்சட்டம் 1873ஆம் ஆண்டிலே பிறந்தது. பின்னர் மனநோய்கள் கட்டளைச் சட்டம் எனப் பெயர் மாறி, தாமே விரும்பி வருவோரையும், சம்மதமோ மறுப்போ சொல்ல இயலாத தற்காலிக நோயாளரையும் சேர்த்துக்கொள்ள இடமளித்து, இறுதியாக 1956இல் திருத்தப்பெற்றதாயினும், அதன் அடிப்படைக் கட்டுமானம் விக்டோரியா மகாராணியின் காலத்ததே. சந்தேகத்துக்குரியவரை மாவட்ட நீதிமன்றின் முன் நிறுத்தி, வைத்தியர் சாட்சியங்கேட்டு, சித்தசுவாதீனம் அற்றவரென்று நீதிபதி தீர்த்தபின் மனநோய் வைத்தியசாலைக்கு அனுப்புவது அச்சட்டத்தின் கிரமம். அவ்வைத்தியசாலையாக நெடுங்காலம் விளங்கியது கொழும்பின் அயலிலே 1926இல் திறக்கப்பட்ட அங்கொடை. மட்டக்களப்புக்குப் புகைவண்டிப் பாதை வந்ததோ 1928இல். 300 கிலோமீற்றருக்கு அப்பால், தன் பாஷை வழங்காத ஓரிடத்தில், பார்க்க வருவோருமின்றிக் கிடக்க நேர்ந்த நோயாளிக்கு அனுமதி என்பது நாடுகடத்தலுக்குச் சமமாயிற்று. 'அங்கொடைக்கு அனுப்பவேணும்' என்பது எங்கள் ஊர்களில் வசவாக நிலைத்தது வியப்பன்று.

2005ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கொள்கை, கடுமையான நோய்நிலையிலுள்ளோரை வைத்துப் பராமரிக்கும் விடுதி மாவட்டந்தோறும் அமைதல் வேண்டுமென விதித்தது. முந்திய ஆண்டு டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையும், அதனை அடுத்துப் பெருகிய உதவியும் இவ்விருத்தியை விரைவுபடுத்தின. மட்டக்களப்பிலோ அதற்கு முன்னரே, போர் நடந்துகொண்டிருந்த வேளையிலே, மனநல வைத்திய நிபுணர் மகேசன் கணேசன் முதலியோர் போதனா வைத்தியசாலையை மையமாகக்கொண்டு கிராமங்களை நோக்கிச் செல்லும் சேவையொன்றைக் கட்டியெழுப்பத் தொடங்கியிருந்தனர். நோயாளி தன் ஊருக்கருகில், தன் பாஷையில், உறவினர் சோறு கொண்டுவந்து கொடுக்கும் தூரத்தில் சிகிச்சை பெறலானது பெரும்பேறே. ஆயினும் வைத்தியம் அங்கொடையை விட்டு வந்த வேகத்தில் சட்டம் வரவில்லை. பழைய கட்டளைச் சட்டம் மனநோய் வைத்தியசாலையை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. பொது வைத்தியசாலையின் ஒரு மூலையிலுள்ள மனநல விடுதியை அது கண்டதில்லை. எனவே அவ்விடுதியில் சம்மதமின்றி வைக்கப்படும் ஒருவர் எந்த அதிகாரத்தால் வைக்கப்படுகின்றார் என்று கேட்பின், வீட்டார் கேட்டனர், வைத்தியர் இணங்கினார் என்பதற்குமேல் விடை கிடைப்பது அரிது.

வாவியின் மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமமொன்றில் இது நிகழும் விதத்தைச் சற்றுக் கிட்ட நின்று நோக்குதல் நன்று. பல இரவுகள் உறங்காத இளைஞன் ஒருவன். தகப்பனைத் தாக்கியிருக்கலாம், அல்லது கிணற்றடியில் நின்று தன்னைக் கொல்ல வருவோரை ஏசிக்கொண்டிருக்கலாம். அயலார் கூடுவர். அம்மானும் மைத்துனரும் சாரத்தைக் கிழித்து அவன் கைகளைக் கட்டுவர். ஓட்டோவின் பின்னிருக்கையில் நடுவே இருத்தி, இருபுறமும் இருவர் அழுத்திப் பிடித்திருக்க, பாலத்தாலோ, பாலமில்லாத துறைகளில் 'பாதை' எனப்படும் மிதவைப் படகிலோ வாவியைக் கடந்து கிழக்கேயுள்ள எழுவான்கரைக்குக் கொண்டுவருவர். வைத்தியர் அவனைக் காணும் வேளையில் பலாத்காரம் முடிந்துவிட்டது. அதனைச் செய்தவர் அரச ஊழியர் எவருமல்லர். அவன் மறுபடியும் ஒருங்கிருந்து உண்ணவேண்டிய பந்துக்கள். வாசலிலே நீட்டப்படும் தாளில் ஒப்பமிடுபவள் பெரும்பாலும் தாய்.

இதற்குப் பரிகாரம் பொலிசாரையும் நீதவானையும் முன்வாசலில் நிறுத்துவதே எனக் கொழும்பிலிருந்து சொல்வது எளிது. 1990 செப்டெம்பர் 5ஆம் நாள் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோருள் 158 பேர் படையினரால் ஏற்றிச் செல்லப்பட்டு மீளாதுபோன மாவட்டம் இது. சீருடையினர் வாகனத்தில் ஏற்றுதல் என்பதற்கு இங்கே ஒரே பொருள்தான் நெடுங்காலம் இருந்தது. தன்னைப் பிடிக்க வருகின்றார்கள் என்று ஒருவன் கூக்குரலிடும்போது, அது நோயின் மாயத்தோற்றமோ கேட்டறிந்த சரித்திரமோ என்று பிரித்துணர்வது தேர்ந்த வைத்தியருக்கும் இலகுவன்று. அவனை மெய்யாகவே பிடித்துச்செல்லும் கையாகச் சட்டம் முதன்முதல் தோன்றுமாயின், அந்நோயை அதுவே மெய்ப்பித்ததாகும்.

குடும்பத்தையும் ஐயமின்றி நம்பிவிடலாகாது. மட்டக்களப்புத் தேசத்தின் குடிமுறை தாய்வழி வருவது. தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் வீடுவளவு சீதனமாகப் பெண்மக்களுக்குச் சேர, மணமகன் மனைவியின் வீட்டுக்குக் குடிவருவான். டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றைக் களமாகக்கொண்டு எழுதி 2008இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை விரித்துரைக்கின்றது. நோயுற்ற கணவன் தான் உரிமை கொண்டாட முடியாத வீட்டிலே இருக்கின்றான். மனைவியும் மாமியும் சேர்க்க விரும்ப, அவன் தாயும் சகோதரிகளும் மறுப்பதுண்டு. நோயுற்றவள் வீட்டுக்கு உரியவளாயின், அவளைச் 'சுகமில்லாதவள்' என்று எழுதி வைப்பதனால் நன்மை அடைவோர் இருக்கக்கூடும். எந்த உறவினர் விண்ணப்பிக்கின்றார், அவருக்கும் வீடுவளவுக்கும் யாது தொடர்பு என்று வினவாத படிவம், உறவுமுறையை அறியாதார் அமைத்த படிவமே.

இவ்விடத்து மக்கள் வைத்தியசாலைக்கு முன்னரோ பின்னரோ நாடும் மற்றொரு வாசலையும் குறித்தல் வேண்டும். வைகாசியில் கண்ணகியம்மன் கோயில்களில் நிகழும் சடங்குகளிலும், போர்க்காலத்தில் பெருகிய அம்மன் சந்நிதிகளிலும், தெய்வமேறியவர் சொல்லும் வாக்கைக் கேட்கக் குடும்பங்கள் திரண்டதை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் பதிவுசெய்துள்ளார். சடங்கு மனநோயைத் தீர்க்கும் என்று வாதிப்பது எம் நோக்கமன்று. அங்கே தீர்ப்பை உரைப்பது தாயின் வாயன்று, தெய்வத்தின் வாய். சபையறிய உரைக்கப்படுவதால், அத்தீர்ப்புக்காக மகன் தாயைப் பகைப்பதற்கு இடமில்லை. வைத்தியசாலையின் படிவம் மறந்த நுட்பம் இது. எனினும் வழிபாட்டுத் தலத்தின் நிழல் மட்டுமே காவலாகாது என்பதை, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் சங்கிலியிற் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்ட கொடுமை தமிழ்கூறும் நல்லுலகுக்கு ஐயமறக் காட்டிற்று. கட்டாய ஒதுக்கலின் சுவட்டை எங்கள் வாவியும் அறியும். தொழுநோயாளரைப் பிரித்துவைத்த மாந்தீவு அதன் நடுவிலேதான் உள்ளது.

இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சில படிகள் முன்சென்றுள்ளது. நோயாளி சுகமாயிருக்கும் காலத்திலேயே தன் பிரதிநிதியை நியமித்துக்கொள்ளலாம். எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என எழுதியும் வைக்கலாம். சம்மதமற்ற அனுமதிக்கு முதற்கண் 30 நாள் எல்லை. பெண்ணோ சிறாரோ ஆயின் 3 நாளுள்ளும், ஏனையோராயின் 7 நாளுள்ளும் மீளாய்வுச் சபைக்கு அறிவித்தல் வேண்டும். இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை விளக்கும் ஐக்கிய நாடுகள் குழுவோ, இன்னும் மேற்சென்று, கட்டாய அனுமதியே கூடாதென்னும் கொள்கையினது. அக்கொள்கையின் நேர்மையை மதிக்கிறோம். ஆயினும் நள்ளிரவில் அலரி விதையை அரைத்துவைத்திருக்கும் ஒருத்தியின் வீட்டாருக்கு அது கூறும் மறுமொழி போதாது.

எமது அபிப்பிராயத்தில், வீட்டாரின் வேண்டுகோள் விசாரணையின் தொடக்கமாகமட்டும் கொள்ளப்பட்டு, அனுமதிக்கும் கட்டளையை மனநல வைத்திய அதிகாரி காரணங்காட்டித் தம் பெயரால் எழுதுதல் வேண்டும். சில நாள்களுள் அதனை மாவட்டத்திலேயே, தமிழிலே, வைத்தியசாலையைச் சாராத ஒரு சபை நோயாளியை நேரிற்கண்டு மீளாய்தல் வேண்டும். தாயின் பெயர் அத்தாளில் தகவல் தந்தவர் பெயராக இருக்கலாம். ஆணையிட்டவர் பெயராக இருத்தலாகாது. இதனால் வைத்தியர்க்கு வேலை மிகும், வழக்கு வரும் என்னும் ஆட்சேபம் உண்மையே. எனினும் அதிகாரத்தைப் பிரயோகிப்பவர் அதற்குக் கணக்குக் கூறுதல் நியாயம். இன்று அக்கணக்கை எழுத்தறிவு குறைந்த ஒரு கிழவியே கூறிக்கொண்டிருக்கின்றாள்.

புதிய சட்டத்துக்கு வரைவெழுதுவோர், அங்கொடையின் கோப்புகளோடு மட்டும் அமையாமல், மட்டக்களப்பு விடுதியிலிருந்து வீடு திரும்பியோரையும் அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தோரையும் தனித்தனியே வைத்துக் கேட்டபின் எழுதுவார்களாக.