தரியா தௌலத்தின் மேற்குச் சுவரில் புள்ளலூர்ப் போர்

அரசன் கொலுவிருக்கும் மாளிகையில் போர்க்காட்சிகளைத் தீட்டி வைக்கும் வழக்கம் தென்னாட்டில் உண்டு. இராமநாதபுரத்து இராமலிங்க விலாசத்தில், சேதுபதிகள் தஞ்சை மராட்டியரோடு பொருத போர் சுவரோவியமாக நிற்கிறது. அந்த வரிசையில் வைத்துப் பேசவேண்டிய மற்றொரு பெருஞ்சுவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில், திப்பு சுல்தானின் தரியா தௌலத் அரண்மனையில் இருக்கிறது. ஓவியம் இருப்பது கன்னட நாட்டில். அது காட்டும் போர் நடந்த களமோ காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர். ஆங்கிலேயர் ஏடுகளில் ‘பொல்லிலூர்’ எனப்படுவது இவ்வூர்தான்.

புள்ளலூருக்குப் போர் புதிதன்று. முதலாம் மகேந்திரவர்மன் தன் முதன்மைப் பகைவரைப் புள்ளலூரில் அழித்தான் என்று பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. அப்பகைவர் இரண்டாம் புலிகேசியின் சாளுக்கியப் படையினர் என்பது வரலாற்றறிஞர் பலரின் முடிபு. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், காஞ்சியின் வாயிலில் உள்ள அதே ஊரில் இன்னொரு கணக்கு தீர்க்கப்பட்டது.

1780 சூலையில் திப்புவின் தந்தையும் மைசூரின் ஆட்சியாளருமான ஐதர் அலி கர்நாடகச் சமவெளியில் பெரும்படையோடு இறங்கி ஆர்க்காட்டை முற்றுகையிட்டார். அவரை எதிர்க்கப் புறப்பட்ட ஆங்கிலேயப் படை இரு கூறாகப் பிரிந்து கிடந்தது. பக்சார் போரில் பெயர்பெற்ற ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்தில் இருந்தார். குண்டூர்ப் பக்கமிருந்து கர்னல் வில்லியம் பெய்லி அவரோடு சேர வந்துகொண்டிருந்தார். செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தருகே திப்பு பெய்லியை மறித்தார். மன்றோ அனுப்பிய துணைப்படை வந்து சேர்ந்தும் பயனில்லை. செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் தந்தையும் மகனும் பெய்லியின் படையைச் சூழ்ந்துகொண்டனர். வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததும் ஆங்கிலேயரின் பீரங்கிகள் ஓய்ந்தன. ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட அந்தப் படையில் சாகாதவர்கள் சிறைப்பட்டார்கள். சில கல் தொலைவில் இருந்தும் உதவிக்கு வந்து சேராத மன்றோ, பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். இந்திய மண்ணில் கும்பினிப் படை அதுவரை கண்ட தோல்விகளில் மிகப் பெரியது இதுவே.

சுவர் சொல்லும் கதை

தரியா தௌலத் 1784இல் எழுந்தது. பெரும்பகுதி தேக்கு மரத்தாலான இந்த மாளிகையில் வண்ணம் படாத இடத்தைத் தேடித்தான் காணவேண்டும். புள்ளலூர்ப் போர் மேற்குச் சுவரில் இருக்கிறது. ஓவியத்தின் நடுவில் ஆங்கிலேயரின் சதுர வியூகம். அதற்குள் காயம்பட்ட பெய்லி பல்லக்கில் அமர்ந்து விரலைக் கடித்தபடி காணப்படுகிறார். வெடிமருந்து வண்டி தீப்பிழம்பாகச் சிதறுகிறது. மைசூர்ப் படையில் பணியாற்றிய பிரெஞ்சுத் தளபதி லாலி தொலைநோக்கியால் களத்தைப் பார்க்கிறார். நாற்புறமும் குதிரைகள் பாய்கின்றன, தலைகள் உருள்கின்றன. இத்தனை அமளிக்கும் இடையே திப்பு ஒரு ரோஜாவை முகர்ந்தவாறு வருகிறார்.

மேலைநாட்டுப் போரோவியம் ஒரு கணத்தை ஒரே கோணத்திலிருந்து காட்டும். இங்கே ஓவியர் களம் முழுவதையும் அடுக்கடுக்காக நிரப்புகிறார். படை வருகை, முற்றுகை, வெடிப்பு, வீழ்ச்சி எல்லாம் ஒரே பரப்பில் ஒருங்கே நிகழ்கின்றன. மைசூர் வீரர்களுக்கு மீசையும் தாடியும் அழுத்தமாக வரையப்பட்டிருக்க, செஞ்சட்டை ஆங்கிலேயரோ மழித்த முகத்தோடு ஒரே அச்சாக நிற்கிறார்கள். யாருடைய ஆண்மை ஓங்கியது என்பதைப் பார்த்தவுடன் சொல்லும் உத்தி இது. ஐதராபாத் நிசாமின் படை காலம் தாழ்ந்து வருவதையும் ஓவியர் விடவில்லை. கூட்டணி சேர்ந்துவிட்டுக் கைவிட்டவருக்கும் சுவரில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

ஓவியத்தின் நோக்கத்தை அறிய, அது தீட்டப்பட்ட காலத்தைக் கருதவேண்டும். ஐதர் 1782 டிசம்பரில் இறந்துவிட்டார். 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையால் போர் முடிந்தது. ஐதரோ மைசூர் உடையார்களிடமிருந்து அதிகாரத்தைத் தன் கைக்குக் கொண்டுவந்தவர். மகனுக்கு விட்டுச்செல்ல அவரிடம் பழைய அரச மரபு இருக்கவில்லை, வெற்றி இருந்தது. எனவே தந்தையும் மகனும் சேர்ந்து பெற்ற வெற்றியைச் சுவரில் நிறுத்துவது, திப்புவின் அரசுரிமையை நிலைநாட்டுவதாகும். உள்ளே நுழையும் தூதரும் பாளையக்காரரும் படிக்கவேண்டிய அரசாணையாகவே இச்சுவரை நான் கொள்கிறேன்.

பகைவர் புதுப்பித்த ஓவியம்

இன்று நாம் காணும் வண்ணம் முழுவதும் 1784க்கு உரியதன்று. 1799இல் ஆங்கிலேயர் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிடுவதற்கு முன்பே ஓவியம் சிதைக்கப்பட்டிருந்தது. திப்பு வீழ்ந்தபின் இம்மாளிகையில் தங்கிய ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி அதைப் புதுப்பித்தார். மறுபடியும் மங்கிப்போனதை 1850களில் தலைமை ஆளுநர் டல்ஹௌசி பிரபு, மூல ஓவியத்தை நினைவில் வைத்திருந்த உள்ளூர் ஓவியர் ஒருவரைக் கொண்டு மீண்டும் தீட்டச் செய்தார். கிழக்குச் சுவரில் பல நாட்டு அரசர்களின் அவைக்காட்சிகளுக்கிடையே மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரும் இருக்கிறார். அவர் அரசேறியது திப்பு மறைந்த பின்னர்தான். பிற்காலக் கைகள் இம்மாளிகையில் புகுந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தம் இனத்தாரின் தோல்வியை ஆங்கிலேயர் ஏன் அழியவிடவில்லை? நாடு கைக்கு வந்துவிட்ட பிறகு, பழைய தோல்வியே இறுதி வெற்றிக்குப் பெருமை கூட்டும் பொருளாகிவிட்டது என்பது என் எண்ணம். திப்புவுக்கு வாகைமாலையாக இருந்த ஓவியம் வெல்லெஸ்லிக்கு வெற்றிக் கோப்பையாயிற்று. பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையிலேயே இறந்தார். அவருக்கு 1816இல் உறவினர் எழுப்பிய நினைவு மண்டபமும் அதே தீவில் இருக்கிறது. ஓவியத்தையும் மண்டபத்தையும் ஒருசேரப் பார்ப்பவருக்கே இவ்வரலாறு முழுமையாகும்.

புள்ளலூரிலும் நினைவுத்தூண்கள் உண்டு. அவை 1781 ஆகஸ்டில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் ஐதரோடு நடத்திய அடுத்த போரில் மாண்ட ஆங்கிலேய அதிகாரிகளுக்கு உரியவை. ஆனால் 1780இல் பெய்லியின் படையில் மடிந்தவர்களில் மிகப் பலர் இந்நாட்டுச் சிப்பாய்கள். ஐதரின் குதிரைப்படை எரித்த ஊர்களில் அல்லற்பட்டவர்கள் தமிழ்க் குடியானவர்கள். அரசரின் பெருமை பேசும் சுவரில் அவர்களுக்குப் பெயரில்லை. வெற்றியோவியத்தைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர் இந்த வெற்றிடத்தையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

தரியா தௌலத்தைத் தொல்லியல் துறை காத்துவருகிறது. மேற்பூச்சுக்கு அடியில் உள்ள வண்ண அடுக்குகளைப் பிரித்தறிந்து, எது திப்பு காலத்தது, எது பின்னர்த் தீட்டப்பட்டது என்று பார்வையாளருக்கு விளங்கும்படி அவ்விடத்திலேயே எழுதி வைப்பது நல்ல பணி. காஞ்சிபுரத்து ஆசிரியர்கள் மாணவரைப் புள்ளலூருக்கு அழைத்துச் சென்று, மகேந்திரவர்மன் முதல் திப்பு வரை அம்மண் கண்டதைச் சொல்லித்தர வேண்டும். சுவர் அங்கும் களம் இங்குமாகப் பிரிந்து கிடக்கும் இவ்வரலாற்றை இணைத்துப் படிப்பது நம் இருமாநிலத்தாரின் கடமை.