மூன்று கோப்பை வாங்கியும் கீழே போன அணி

தோற்ற அணி கீழ்ப் பிரிவுக்குப் போவது பல விளையாட்டுகளிலும் உள்ள வழக்கம்தான். ஒரே பருவத்தில் மூன்று கோப்பை வாங்கிய அணியைக் கீழே இறக்கிய கதை கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பிரான்சில் லிமோஜ் என்ற ஊரின் கூடைப்பந்து அணிக்கு 2000-ஆம் ஆண்டு அது நடந்தது. உத்தியோக காலம் முழுவதும் வரவு செலவுக் கணக்கோடு மல்லுக்கட்டியவன் நான். அதனால் இந்தக் கதை மேல் எனக்குத் தனி ஈர்ப்பு.

முதலில் கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியது 1891 டிசம்பரில். இரண்டே வருஷத்தில், 1893 டிசம்பர் 27 அன்று, பாரிஸ் த்ரெவீஸ் தெருவில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் கீழ்த்தளக் கூடத்தில் ஐரோப்பாவின் முதல் ஆட்டம் நடந்துவிட்டது. அந்த ஆடுகளத்துக்குள்ளேயே இரும்புத் தூண்கள் நிற்கும். எதிராளியோடு தூணையும் சமாளித்து ஆட வேண்டும்.

பிற்பாடு கத்தோலிக்க தேவாலயங்களை ஒட்டிய இளைஞர் மன்றங்கள் இந்த ஆட்டத்தைச் சிறிய ஊர்களுக்குக் கொண்டு போயின. லிமோஜ் அணியின் பெயரே அதற்குச் சாட்சி. 1929-இல் தொடங்கிய அதன் பெயர் 'செர்க்கிள் சேன் பியேர்'. நம் வழக்கில் சொன்னால் புனித பேதுரு மன்றம். அங்கே பெருநகரங்கள் கால்பந்துக்குச் சொந்தம் என்றால், ஷோலே, போ, லெ மான், ரொவான் போன்ற நடுத்தர ஊர்கள் கூடைப்பந்துக்குச் சொந்தம். பீங்கானுக்குப் பேர்போன லிமோஜும் அப்படி ஓர் ஊர்தான்.

தொழில்முறை ஆட்டத்தை நடத்த 1987-இல் தேசிய லீக் அமைப்பு உருவானது. 1993-இல் முதல் பிரிவுக்கு 'ப்ரோ ஏ' என்றும் இரண்டாம் பிரிவுக்கு 'ப்ரோ பி' என்றும் பெயர் வைத்தார்கள். 2024 முதல் ப்ரோ பி-யின் பெயர் 'எலீட் 2'. இரண்டாம் பிரிவு என்றாலும் அதுவும் சம்பளத்துக்கு ஆடுகிறவர்களின் லீக்தான். முதலிடம் பிடிப்பவர் நேராக மேலே போவார். அடுத்த சில இடங்களில் இருப்பவர்கள் தங்களுக்குள் மோதி இன்னொரு இடத்தைப் பிடிப்பார்கள். கடைசியில் நிற்பவர்கள் மூன்றாம் பிரிவுக்கு இறங்குவார்கள்.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு இன்னொரு வாசலும் உண்டு. ஒவ்வொரு கிளப்பும் தன் கணக்கைத் தணிக்கைக் குழுவிடம் காட்ட வேண்டும். நகராட்சி தரும் உதவி, உள்ளூர் நிறுவனங்களின் விளம்பரப் பணம், டிக்கெட் வசூல் இவற்றில்தான் வண்டி ஓடுகிறது. வரவுக்கு மீறிச் சம்பளம் கொடுத்தால் குழு விடாது. சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்கும், புள்ளிகளைக் குறைக்கும், பிரிவை விட்டே இறக்கவும் செய்யும்.

லிமோஜ் சாதாரண அணி அல்ல. 1993 ஏப்ரல் 15 அன்று ஏதென்ஸில் இத்தாலியின் த்ரெவீசோ அணியை 59-55 என்று வென்று ஐரோப்பிய சாம்பியன் ஆனது. எந்தக் குழு விளையாட்டிலும் அதற்கு முன் ஒரு பிரெஞ்சு கிளப் ஐரோப்பாவின் தலையாய கோப்பையை வென்றதில்லை. மார்செய் கால்பந்து அணி வென்றதுகூட அடுத்த மாதம்தான். அந்த ஆட்டத்தின் கடைசி நொடிகளில் எதிரணியின் பெரிய நட்சத்திரம் டோனி குகோச்சிடமிருந்து பந்தைப் பறித்தவர் 23 வயது ஃப்ரெடெரிக் ஃபோர்த். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2000-இல் அதே அணி பிரெஞ்சு லீக், பிரெஞ்சுக் கோப்பை, ஐரோப்பாவின் கோராச் கோப்பை மூன்றையும் வென்றது. ஆனால் பெட்டி காலி. கணக்கைப் பார்த்தவர்கள் சாம்பியனை ப்ரோ பி-க்கு அனுப்பினார்கள். ஒரே பருவத்தில் மீண்டு வந்த அணி, 2004-இல் மறுபடி பணத்தால் விழுந்தது. இந்த முறை மூன்றாம் பிரிவு வரைக்கும்.

அப்போதுதான் ஃபோர்த் தலைவர் பொறுப்பை ஏற்றார். வயது 34. வெற்றியின் உச்சத்தில் ஆடிய மனிதர், கடனில் மூழ்கிய கிளப்பை எடுத்து நடத்த வந்தார். மூன்றாம் பிரிவு ஆட்டங்களுக்கும் ஊர் ஜனங்கள் பொப்லான் அரங்கத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். 2006-இல் ப்ரோ பி. அங்கே நாலு வருஷம். 2010-இல் ப்ரோ ஏ, மறு வருஷமே சறுக்கல், 2012-இல் திரும்ப ஏற்றம். 2014, 2015 இரண்டிலும் பிரெஞ்சு சாம்பியன். 2017 டிசம்பர் 31 அன்று, 48 வயது நிறையும் முன்பே, ஃபோர்த் காலமானார்.

இதே ஏணியில் வேறு விதமாக ஏறியவர்களும் உண்டு. பாரிஸை ஒட்டிய நான்தேர் கிளப்பின் தலைவராக இருந்தவர் தந்தை, பயிற்சியாளராக இருந்தவர் மகன் பாஸ்கல் தொனாதியே. மகன் பொறுப்பேற்றது 1987-இல். கீழ்ப் பிரிவுகளிலிருந்து படிப்படியாக ஏறி, 2011-இல் ப்ரோ பி-யை வென்று மேலே போய், 2013-இல் நாட்டின் சாம்பியன் ஆனார்கள். கால் நூற்றாண்டு உழைப்பு.

களத்தில் வென்றவனைக் கணக்கில் தோற்கடிப்பது நியாயமா என்று கேட்கலாம். நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. கையில் உள்ள காசுக்குள் அணி கட்டியவனுக்கு எதிராக, இல்லாத காசில் நட்சத்திரங்களை இறக்கி ஆடுவது சம ஆட்டம் ஆகாது. தண்டனையின் வலி மட்டும் டிக்கெட் வாங்கிய ஊர்க்காரன் தலையில் விழுகிறது என்பது என் வருத்தம். அதற்கும் ஓரளவு மருந்து அந்த இரண்டாம் பிரிவுதான். கீழே போக ஓர் இடம் இருந்ததால் லிமோஜ் அணி கலைந்து போகவில்லை. அங்கே ஆடிக்கொண்டே கடனிலிருந்து எழுந்தது. புள்ளிப் பட்டியலில் ப்ரோ பி என்று பார்க்கும்போதெல்லாம் தோற்றவர்கள் பிரிவு என்று எனக்குத் தோன்றுவதில்லை. ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒரே படியில் நின்று மூச்சு வாங்கும் இடம் அது.