அலகும் ஈர்க்கும்

கஹாங்கிலிருந்து எண்டாவ் ரொம்பின் காட்டை நோக்கி நாலு சக்கர வண்டியில் குலுங்கிக்கொண்டே போனால் கம்போங் பெத்தா வரும். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து ஜக்கூன் பூர்வகுடிகள் வாழும் ஊர். அங்கே ஒரு பெரியவர் என் உள்ளங்கையில் ஊதுகுழல் அம்பு ஒன்றை வைத்தார். அம்பு என்று சொல்ல வாய் வரவில்லை. பார்வைக்குத் தென்னை ஈர்க்குச்சிதான். பெர்த்தாம் பனையோலையின் நடுநரம்பைச் சீவிச் செய்தது. அடியில் நெட்டி மாதிரி மெத்தென்ற ஒரு கூம்பு, ஊதும் மூச்சு வீணாகாமல் குழலை அடைத்துக்கொள்ள. நுனியிலிருந்து சற்றுத் தள்ளிக் கத்தியால் இட்ட ஒரு கீறல். அடிபட்ட குரங்கு அம்பைப் பிடுங்கினால் அந்தக் கீறலில் முறியும். நஞ்சு பூசிய நுனி உடம்புக்குள்ளேயே தங்கிவிடும். என் கையில் இருந்ததில் நஞ்சு பூசவில்லை. இருந்தாலும் கையை அசைக்காமலே வைத்திருந்தேன்.

அதற்குச் சில மாதம் முன்பு மெல்பர்னில் என் மச்சான் வீட்டு மேசையில் வேறு இரண்டு முனைகளைப் பார்த்திருந்தேன். குளுவாங்கில் என்னோடு வளர்ந்தவர். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் தனி அனுமதி வாங்கிக் குறுக்குவில்லால் மான் வேட்டைக்குப் போகிறார். இரண்டும் பிராட்ஹெட் எனப்படும் அகன்ற அம்பலகுகள். தனித்தனியே 100 கிரேன், அதாவது ஆறரை கிராம் எடை. ஒன்றில் அலகுகள் அசையாமல் பொருத்தப்பட்டிருந்தன. வெட்டின் அகலம் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகம். மற்றதில் அலகுகள் மடங்கிக் கிடந்தன. உடலில் பட்டதும் விரிந்து இரண்டு அங்குல அகலத்துக்கு வெட்டும். அசையாத அலகின் ஓரத்தை நகத்தில் லேசாக வைத்துக் காட்டினார். நகம் சுருளாகச் சீவிக்கொண்டு வந்தது.

ஈர்க்கும் அலகும் கொல்லும் வழியே வேறு. ஈர்க்கின் நுனியில் பூசும் ஈப்போ மரத்துப் பாலில் உள்ள ஆன்டியாரின் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. மலாய்த் தீபகற்பத்தில் சிலர் அந்தப் பாலோடு எட்டி இனக் கொடியின் சாற்றையும் சேர்ப்பார்கள். தைப்பது ஊசிமுனை அளவு காயம்தான்; ரத்தத்தில் கலந்த பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாகி நிற்கும். வாய்வழி உண்டால் அந்த நஞ்சு அவ்வளவாக ஏறாது என்பதால், தைத்த இடத்துச் சதையை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கிறார்கள்.

அலகுக்கு நஞ்சு கிடையாது. அது வெட்டுகிறது, ரத்தம் போகிறது, அவ்வளவுதான். துப்பாக்கிக் குண்டின் அதிர்ச்சியும் அதற்கு இல்லை. நுரையீரலிலோ இதயத்திலோ புகுந்தால் விலங்கு விரைவில் விழும். தோள்பட்டை எலும்பில் மோதி நின்றால் காயத்தோடு ஓடி எங்கோ ஒரு புதரில் நாள்கணக்கில் கிடந்து சாகும். அதனால்தான் மான் பக்கவாட்டில் நிற்கும்வரை, அல்லது பின்புறத்தைச் சற்றே நம் பக்கம் திருப்பி விலகி நடக்கும்வரை, விசையைத் தொடக்கூடாது என்கிறார் மச்சான். நேரெதிரே நம்மைப் பார்த்து நிற்கும் மானை அவர் எய்வதே இல்லை.

இனி, அவர் மேசையில் இருந்த இரண்டில் எது? விரியும் அலகு பறக்கும்போது ஒடுங்கியிருப்பதால் காற்று அதைத் திருப்பாது. வினாடிக்கு 300 அடிக்கும் மேல் பாயும் குறுக்குவில் அம்புக்கு அது பெரிய வசதி. அசையாத அலகைச் சரியாகப் பொருத்தாவிட்டால் அந்த வேகத்தில் அது இறக்கை மாதிரி வேலை செய்து அம்பை வேறு பக்கம் இழுத்துவிடும். விரிந்த அலகின் பெரிய வெட்டு நிறைய ரத்தத்தையும் சிந்த வைக்கும். ஆனால் விரிவதற்கே அம்பின் வேகத்தில் ஒரு பங்கு செலவாகிறது. சாய்வாகப் பட்டால் வழுக்கலாம், சில சமயம் விரியாமலும் போகலாம். அமெரிக்காவின் வெள்ளைவால் மானுக்கு அது போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மச்சான் எய்யும் கடமான் வேறு. முதிர்ந்த கிடா 200 கிலோவைத் தாண்டும். தோல் தடிப்பு, விலா எலும்பு கனம். விக்டோரியா மாநில விதியே கடமானுக்கு அம்பும் அலகும் சேர்ந்து 26 கிராமாவது இருக்க வேண்டும், வெட்டும் ஓரம் இரண்டாவது வேண்டும் என்கிறது. 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் வேட்டையாடப்பட்ட விலங்குகளில் அம்பு எவ்வளவு ஆழம் போனது என்று அளந்து எழுதிய எட் ஆஷ்பி, கனமான எலும்பைத் துளைக்க 650 கிரேன், அதாவது 42 கிராம் அம்பு வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். யானை, புலி, மான், பன்றி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பு வரை ஒரே அம்பு துளைத்துப் போனதாகக் கொல்லிமலை வல்வில் ஓரியைப் புறநானூறு புகழ்கிறது. புகழ்ச்சியை விட்டுவிடுவோம். வேட்டுவன் வில்லில் தமிழ்ப் புலவர் வியந்தது ஊடுருவலை. கடமானுக்கு என்றால் நானும் ஊடுருவலின் பக்கம்தான், அசையாத அலகின் பக்கம்தான். மறுபக்கம் வெளியேறிய அம்பு இரண்டு வாயுள்ள காயத்தை விட்டுப் போகிறது. கீழ்வாய் வழியே ரத்தம் தரையில் விழும், தடம் கிடைக்கும்.

அந்தத் தடம்தான் அலகுக்கு உயிர். எய்தவன் அரை மணி நேரமாவது அசையாமல் உட்கார்ந்திருந்து, பிறகுதான் போய்ப் பார்க்கிறான். நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். இன்னும் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். பச்சையும் நாற்றமும் தெரிந்தால் குடல், அன்றைய பாடு பெரும்பாடு. விக்டோரியாவின் குளிர்ந்த மலையில் இத்தனை பொறுமைக்கும் இடம் இருக்கிறது. ஜொகூரில் மத்தியானம் கறுத்தால் மூன்று மணிக்குக் கொட்டும். சருகில் விழுந்த துளி ஒன்றுகூட மிஞ்சாது. அந்த வெக்கையில் இறைச்சியும் காத்திருக்காது.

ஈர்க்கு இந்தச் சிக்கலுக்குள்ளேயே போவதில்லை. மரத்திலிருக்கும் குரங்கு, அணில், பறவை போன்ற சிறு உயிர்களுக்குத்தான் ஊதுகுழல். தரையில் ஓடும் பெரிய விலங்குக்கு ஈட்டியும் பொறியும் இருந்தன. எந்த முனை எந்த உயிருக்கு என்ற அந்தக் கணக்கை, எந்த அம்பலகு விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 51-ஆம் பிரிவில், பூர்வகுடிகள் தம் குடும்பத்தின் சாப்பாட்டுக்காகச் சில விலங்குகளை வேட்டையாடலாம் என்கிறது. விற்கக்கூடாது. சட்டம் வந்தபோது அந்தப் பட்டியலில் கடமானும் இருந்தது, சருகுமானும் இருந்தது. ஆனால் காட்டில் கடமான் இருக்க வேண்டுமே. புலிக்கு முக்கிய இரை அது; 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் மலாயாப் புலி 150-க்கும் குறைவு என்று தெரிந்தது. 1860-களில் கப்பலேற்றிக் கொண்டுபோய் விடப்பட்ட அதே கடமான் விக்டோரியாவில் பெருகிக் காட்டை மேய்ந்து தீர்க்கிறது. மச்சான் அங்கே எய்வதில் எனக்கு வருத்தமில்லை. இங்கே அந்த அலகுக்கு வைக்கோல் பொம்மையைத் தவிர வேறு இலக்கு இருக்கக்கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

பெத்தாவில் அந்தப் பெரியவரிடம் கைப்பேசியில் மச்சானின் படத்தைக் காட்டினேன். கிடா, பக்கத்தில் ரத்தக்கறையோடு அம்பு. அலகைப் பெரிதாக்கிக் காட்டப் போனேன். அவர் மானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்ட பிறகு எவ்வளவு தூரம் ஓடியது?" என்று மலாயில் கேட்டார்.

"நூறு காலடி இருக்குமாம்."

"மழை பெய்ததா?"

இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு, என் கையிலிருந்த ஈர்க்கைத் திரும்ப வாங்கி மூங்கில் கூட்டுக்குள் செருகினார்.