கண்ணாடித் தகட்டிலிருந்து பவர்பாயின்ட் வரை



சரவணம்பட்டிப் பக்கம் ஐ.டி. கம்பெனிகளில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர், "சார், மேடையில் பேசும்போது திரையில் போடுகிற ஸ்லைடு எப்படி இருக்கணும்?" என்று கேட்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் வேலை என்னைவிட அவர்களுக்கு நன்றாகவே தெரியும். எனக்குத் தெரிந்தது கரும்பலகையும் கொஞ்சம் வரலாறும்தான். அதிலிருந்தே சொல்கிறேன். பதிவு நீளம்தான், டீயை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

ஸ்லைடு என்பது கம்ப்யூட்டரோடு வந்த சங்கதி இல்லை. ஒரு பெட்டிக்குள் விளக்கு, முன்னால் லென்ஸ், இரண்டுக்கும் நடுவே படம் தீட்டிய கண்ணாடித் தகடு. தகட்டைப் பக்கவாட்டில் நகர்த்திச் செருகுவார்கள், அதனால் ஸ்லைடு. 1659-லேயே ஹாலந்து விஞ்ஞானி ஹைகன்ஸ் இந்த மேஜிக் லாந்தரைச் செய்துவிட்டார். நம் நாட்டில் பம்பாய்க்குப் பக்கத்துக் கல்யாணில் மகாதேவ் பட்வர்தன் என்பவர் 1892 வாக்கில் கையால் தீட்டிய கண்ணாடிகளை வைத்து, பாட்டும் வசனமுமாகக் கதை சொல்லிக் காட்டினார். பிறகு பாதிரிமார்கள், சுகாதார இலாகாவினர், கதர் இயக்கத்தார் என்று பலரும் லாந்தரைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள்.

நம் ஊருக்கு வருவோம். வெரைட்டி ஹால் ரோட்டில் நடக்காத கோயம்புத்தூர்க்காரர் உண்டா? அந்தப் பெயருக்குக் காரணமானவர் சாமிக்கண்ணு வின்சென்ட், நம்ம ஊர்க்காரர். திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைபடம் போடும் வேலை. 1905-இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்ட வந்த இடத்தில் உடம்பு சரியில்லாமல் போய், கருவியையும் படச்சுருள்களையும் விற்க நேர்ந்தது. இருபத்திரண்டு வயது வின்சென்ட் அதை வாங்கிக்கொண்டு ரயில்வே வேலையை விட்டார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். 1914-இல் இங்கே வெரைட்டி ஹாலைக் கட்டினார். பிற்பாடு டிலைட் தியேட்டர் என்று நாமெல்லாம் அறிந்தது அதுதான்.

அவர் காட்டியது அசையும் படம், ஸ்லைடு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அது மௌனப் படக் காலம். அப்போது பல கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று கதையை விளக்கிச் சொல்வார். லாந்தர் காட்டியவர்களும் அப்படித்தான். படம் திரையில், பேச்சு மனிதன் வாயில். இருவருக்கும் வேலை தனித்தனி. கண்ணாடித் தகடு கனமானது, உடையக்கூடியது, கையால் தீட்ட நாளாகும். நூறு தகடு சுமக்க முடியாது. எதைக் காட்டுவது, எதை வாயால் சொல்வது என்று முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்துத்தான் ஆகவேண்டும். (நம் பக்கத்து அண்ணன்மார் கதைக்கு அந்த ஒரு தகடுகூடக் கிடையாது. உடுக்கையும் குரலும்தான், சனம் விடிய விடிய உட்கார்ந்திருக்கும்.)

நாற்பது வயது தாண்டியவர்களுக்கு இன்னொரு ஸ்லைடும் ஞாபகம் இருக்கும். தியேட்டர் இடைவேளையில் வருமே, ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரம். சில விநாடிதான் திரையில் நிற்கும். முறுக்குத் தின்றுகொண்டிருப்பவன் கண்ணிலும் பட்டாக வேண்டும். அதனால் கடை பெயர், என்ன விற்கிறார்கள், எந்தத் தெரு, அவ்வளவுதான். அந்த ஸ்லைடு எழுதிய ஓவியர்கள் எந்தக் கல்லூரியிலும் இதைப் படிக்கவில்லை.

எங்கள் ஆசிரியர் பயிற்சியிலும் கரும்பலகை எழுத்துக்குத் தனி மதிப்பெண் உண்டு. கடைசி பெஞ்சில் போய் நின்று பார்க்கச் சொல்வார்கள். பிறகு ஓ.எச்.பி. வந்தது, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் பேனாவால் எழுதிப் பெரிதாக்கிக் காட்டுவது. 1987-இல் ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் என்ற அமெரிக்கர்கள் கொண்டுவந்த பவர்பாயின்டின் முதல் வேலையே இந்த ஓ.எச்.பி. தாள்களைக் கம்ப்யூட்டரில் தயாரித்துத் தருவதுதான். கறுப்பு வெள்ளை மட்டும். அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியை 1.4 கோடி டாலருக்கு வாங்கியது.

தகடு காசில்லாமல் கிடைக்க ஆரம்பித்ததும் பேச வேண்டியதையெல்லாம் திரையில் எழுதும் பழக்கம் வந்துவிட்டது. புள்ளி வைத்த வரி, அதற்குள் சின்ன வரி, அதற்குள் இன்னும் சின்னது. இதில் என்ன கெட்டுப்போய்விடும் என்று கேட்பீர்கள்.

2003 ஜனவரி 16. நம் கல்பனா சாவ்லா உள்பட 7 பேரோடு கொலம்பியா விண்கலம் கிளம்பியது. ஒன்றரை நிமிடத்துக்குள் எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைத் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் ஆராய்ந்து, நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடு போட்டு விளக்கினார்கள். முக்கியமான ஸ்லைடின் தலைப்பு, பழைய சோதனைகளைப் பார்த்தால் பயப்பட வேண்டியதில்லை என்பதுபோலத் தொனித்தது. கீழே வரிக்குள் வரியாக இறங்கி, ஆகக் கடைசியில், பொடி எழுத்தில் ஒரு கணக்கு: சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், இங்கே மோதியது 1920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு! பழைய சோதனை இதற்குப் பொருந்தவே பொருந்தாது என்பதுதான் அதன் அர்த்தம். ஸ்லைடின் தலைப்பாக இருந்திருக்க வேண்டிய செய்தி அது.

பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும் வழியில் விண்கலம் சிதறியது. ஏழு பேரும் போனார்கள். விசாரணைக் குழு தன் அறிக்கையில் அந்த ஒற்றை ஸ்லைடைத் தனியாக அச்சிட்டு, எட்வர்ட் டஃப்டி என்ற பேராசிரியரின் அலசலையும் சேர்த்தது. உயிர் போகிற விஷயம் என்பது இதைப் படிக்கிற மேலதிகாரிக்குப் புரியாமல் போக இடமுண்டு என்று குழுவே எழுதியது. ஸ்லைடு மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டதும் நடக்காமல் போனது. இருந்தாலும் அந்த 640 மடங்கு தலைப்பில் பெரிதாக இருந்திருந்தால் அந்த அறையில் யாராவது ஒருவர் எழுந்து கேள்வி கேட்டிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உங்களில் ஒருவர் பம்பு கம்பெனியில் இருக்கிறீர்கள், ஒருவர் திருப்பூர் சாயப்பட்டறையில், இருவர் ஆஸ்பத்திரியில். உங்கள் ஸ்லைடிலும் அப்படி ஒரு எண் இருக்கும். அதைத் தேடி எடுத்துத் தலைப்பில் முழு வாக்கியமாக எழுதுங்கள். "ஆய்வு முடிவுகள்" என்று தலைப்புப் போட்டால் யாருக்கு என்ன தெரியும்? "மூன்றாவது பாய்லரை இந்த மாதமே நிறுத்த வேண்டும்" என்று போடுங்கள். மற்ற விவரத்தைத் தாளில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். திரையில் இருப்பதை அப்படியே வாசிக்கவும் வேண்டாம். கூட்டம் உங்களைவிட வேகமாகப் படித்து முடித்துவிட்டு போனை எடுத்துவிடும்.

தமிழில் ஸ்லைடு போடுகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. நம் எழுத்தில் சுழி அதிகம். ண, ன, ஞ எல்லாம் பொடியாகவோ ரொம்பத் தடிமனாகவோ போட்டால் அடைத்துக்கொண்டு ஒன்றுபோலத் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளி கடைசி வரிசைக்குத் தெரியாது. "பல்" "பல" ஆகிவிடும், "கல்" "கல" ஆகிவிடும். ஆங்கிலத்துக்கு வைக்கிற அளவைவிடப் பெரிதாக வையுங்கள், வரிகளுக்கு நடுவே இடம் விடுங்கள். பேசுவதற்கு முன் ஹாலின் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்து ஒரு தரம் படித்துப் பாருங்கள்.

பழைய தியேட்டர் விளம்பரக் கண்ணாடி ஸ்லைடு யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள் கண்ணுகளா. டிலைட்டில் படம் பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடமும் கேட்டு எழுதுங்கள்.