கியர்பெட்டி: மணலிலும் உப்பிலும் ஓடும் பழைய வாகனங்களுக்கு ஒரு கையேடு

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட 2025 பெப்ரவரி ஆனது. திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலை எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. அதனால் மன்னாரில் மீன் ஏற்றும் வான், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோகும் ஓட்டோ, கரைக்குப் போய்வரும் மோட்டார் சைக்கிள் என்று நான் பார்த்தவற்றில் அநேகமானவை பத்துப் பதினைந்து வயதைத் தாண்டியவை. எஞ்சின் ஒயிலை நேரத்துக்கு மாற்றுகிறவர்கள்கூட கியர்பெட்டியை மறந்துவிடுகிறார்கள். அது உடைந்தால் வாகனம் நிற்கும், லீசிங் தவணை நிற்காது.

இதற்காக மன்னார் நகரத்திலும் பேசாலையிலும் முருங்கனிலும் கராஜ்காரர்களோடு பேசினேன். பேசியவர்களில் பலர் பொருளாதாரத் தடைக் காலத்தில் தொழில் பழகியவர்கள். 1990களில் பெற்றோல் கிடைக்காதபோது, சில துளி பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டியதை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறோம். அப்போது எஞ்சின் மட்டுமா கெட்டது? நான்கு ஸ்ரோக் மோட்டார் சைக்கிள்களில் அநேகமாக எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் கியருக்கும் ஒரே ஒயில்தான். எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் கீழே இறங்கி அந்த ஒயிலைத் தண்ணீராக்கியது. கியர்ப் பற்களும் சேர்ந்தே தேய்ந்தன. இன்றைக்கும் அதே கணக்குத்தான். மோட்டார் சைக்கிளுக்கு கார் ஒயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். போத்தலில் ‘ஜே.ஏ.எஸ்.ஓ எம்.ஏ’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்கூட்டரில் பின்சில்லுக்குத் தனியாகக் கொஞ்சம் கியர் ஒயில் உண்டு. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கார், வான் போன்றவற்றின் மனுவல் கியர்பெட்டிக்கு ஒயில் வாங்கும்போது தடிப்பு எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, ஜி.எல்-4 ஆ ஜி.எல்-5 ஆ என்பதையும் பார்க்க வேண்டும். 5 பெரிது, அதனால் நல்லது என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பிழையான கதை. ஜி.எல்-5 இல் கூடுதலாக இருக்கும் கந்தக, பொஸ்பரஸ் சேர்க்கைகள் டிபரென்சலுக்கு ஏற்றவை. கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை வளையங்களை அவை காலப்போக்கில் அரிக்கக்கூடும். வாகனத்தின் புத்தகம் எதைச் சொல்கிறதோ அதைத்தான் ஊற்ற வேண்டும்.

ஒயிலை நீங்களே மாற்றுவதானால் முதலில் மேலே உள்ள நிரப்பும் ஆணியைக் கழற்றுங்கள். துருப்பிடித்து அது கழராமல் போய், கீழ் ஆணியைத் திறந்து ஒயிலையும் வடித்துவிட்டால் வாகனத்தை அசைக்க முடியாது. கடற்கரை வாகனங்களில் இது அடிக்கடி நடக்கிறது. வடித்த ஆணியில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைத் தடவிப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை என்றால் சாதாரணத் தேய்மானம். நகத்தில் தடுக்கும் துண்டுகள் என்றால் பல்லோ பெயரிங்கோ உடைகிறது. பால் தேநீர் நிறத்தில் ஒயில் வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சமதரையில் நிறுத்தி, நிரப்பும் துவாரத்தின் கீழ்விளிம்புவரை புது ஒயில் விட்டால் சரி.

தண்ணீர் எப்படிப் போகிறது? வள்ளத்தை இழுக்க வாகனத்தைப் பின்பக்கமாக அலைக்குள் விடுகிறார்கள். ஓடிவந்த சூட்டில் டிபரென்சலுக்குள்ளே காற்று விரிந்திருக்கும். குளிர்ந்த நீரில் இறங்கியதும் அது சுருங்கி, மூச்சுத் துவாரம் வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ கடல்நீரை உறிஞ்சிவிடும். அருவியாறு பெருகி வீதியை மூடும் மாரியிலும் இதே கதைதான். மூச்சுத் துவாரத்துக்கு ஒரு ரப்பர்க் குழாய் மாட்டி உயரத்தில் கட்டிவிட்டால் பெரும்பகுதி ஆபத்து போய்விடும். செலவு ஒன்றும் பெரிதில்லை. ஏற்கெனவே முங்கிவிட்டதென்றால் நாள் கடத்தாமல் ஒயிலை மாற்றுங்கள். உப்புத் தண்ணீரில் ஊறிய பெயரிங் பிறகு எதற்கும் உதவாது.

கியர்பெட்டியை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். எல்லாக் கியரும் விழக் கடினம் என்றால் பெரும்பாலும் கிளட்ச் முழுதாக விடவில்லை. கேபிளையோ கிளட்ச் சிலிண்டரையோ பார்த்தால் முடியும் வேலை. இரண்டாம் கியர் மட்டும் உரசினால் பித்தளை வளையம் தேய்ந்திருக்கலாம். நியூட்ரலில் வரும் இரைச்சல் கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர்பெட்டியின் முன் பெயரிங், மிதித்தால்தான் இரைகிறது என்றால் கிளட்ச் பெயரிங். இதைச் சொல்லிக்கொண்டு கராஜுக்குப் போகிறவரிடம் தேவையில்லாத வேலைக்குக் காசு வாங்குவது கடினம். தனியாகக் குடும்பத்தைக் கொண்டுநடத்தும், ஓட்டோ ஓடும் பெண்கள் இரண்டு பேர், கேட்டதற்கெல்லாம் தலையாட்டிப் பழைய பாகத்தைக்கூடப் பார்க்காமல் காசு கொடுத்ததை என்னிடம் சொன்னார்கள். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்கிப் பார்ப்பது உங்கள் உரிமை.

ஓட்டோமற்றிக் வாகனங்களில் செலவு பல மடங்கு. விட்ஸ், வகன் ஆர் போன்றவற்றில் பல, பட்டி வைத்த சி.வி.ரி வகை. அதற்குரிய திரவம் வேறு, சாதாரண ஓட்டோமற்றிக் திரவம் வேறு. மாற்றி ஊற்றினால் பட்டி வழுக்கி முழுத் தொகுதியும் போய்விடும். சிவப்பாக இருந்த திரவம் கறுத்து, கருகிய மணம் வந்தால் காலம் கடந்துகொண்டிருக்கிறது. பல ஆண்டு மாற்றாத வாகனத்துக்கு இயந்திரத்தால் அழுத்திக் கழுவுவதை நான் பேசியவர்களில் பெரும்பாலானோர் விரும்பவில்லை. வடித்து நிரப்பி, சில ஆயிரம் கிலோமீற்றர் ஓடி, மறுபடி வடித்து நிரப்புவதே பாதுகாப்பு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

தலைமன்னார் மணலில் சில்லு புதைந்தால் அக்சிலேற்றரை மிதித்துக்கொண்டே நிற்காதீர்கள். சில்லு சுற்றச் சுற்றத் திரவம் கொதிக்கும். இறங்கி மணலை வாரி, ரயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து, பலகை போட்டு எடுங்கள். தார் வீதிக்கு ஏறியதும் காற்றை நிரப்ப மறக்கக் கூடாது. பழுதாகி நின்ற ஓட்டோமற்றிக்கை, முக்கியமாக ஹைபிரிட்டை, கயிறு கட்டித் தள்ளாடிப் பாலத்தால் இழுத்துவர வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது உள்ளே ஒயிலைச் சுற்றவிடும் பம்பும் ஓடாது. எஞ்சின் சுழற்றும் சில்லுகளைத் தூக்கியோ, லொறியில் ஏற்றியோதான் கொண்டுவர வேண்டும்.