ஐதோசு: ஒரு கிரேக்கச் சொல்லின் பொருள் வரலாறு

நாணம், மதிப்பு என்னும் இருபொருளையும் ஒருங்கே தரும் 'ஐதோசு' என்னும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் மிக அருகியே வழங்குகின்றது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் அச்சேறிய பாடத்தில் இஃது ஈரிடத்து வரும். ஒன்று, திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம் (2:9). மற்றொன்று, எபிரேயருக்கு எழுதிய திருமுகம் (12:28). முன்னது மகளிர்க்கு உரைத்தது; பின்னது இறைவனை வழிபடுவார் அனைவர்க்கும் உரைத்தது. பின்னதன் பாடம் ஐயத்திற்குரியதாகலின், பொருளை வரையறுக்கப் புகுவார் முதற்கண் சுவடியை நோக்குதல் வேண்டும்.

சினாய்ச் சுவடியின் முதற்கையும் அலெக்சாந்திரியச் சுவடியும் எபிரேயர் திருமுகத்தில் ஐதோசு என்னாது, அச்சம் எனப் பொருள்படும் 'தெயோசு' என்றே பாடங்கொள்கின்றன. வெசுட்காட்டு, ஓர்ட்டு இருவரும் 1881-இல் வெளியிட்ட பதிப்பும் இதனையே தழுவிற்று. தெயோசு புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வாராத சொல். பழஞ்சுவடிகளோ சொற்களிடையே இடம் விடாது எழுதப்பெற்றவை. இதனால் நேரும் இடர் நம் ஏட்டுச் சுவடிகளோடு பழகியோர்க்கு விளக்க வேண்டுவதன்று. முன்நிற்கும் 'கை' என்னும் இணைப்பிடைச்சொல்லின் ஈறு வருமொழியோடு ஒட்டிப் படிக்கப்படின், அருஞ்சொல் பழகிய சொல்லாகத் திரிதல் எளிது. தெயோசே பழைய பாடம் என்பது எம் துணிபு. அங்ஙனமாயின், ஐதோசு எஞ்சி நிற்பது மகளிரைப் பற்றிய ஓரிடத்து மட்டுமே. அவ்வோரிடங்கொண்டு அதனைப் பெண்டிர்க்கே உரிய கூச்சம் எனக் கொள்ளுதல் பொருந்துமா என்பதே வினா.

அச்சத்தினின்றும் ஐதோசு வேறாதலைப் பிளாட்டோவின் 'யூத்திப்ரோ' தெளிவுறுத்துகின்றது. அச்சம் உள்வழி ஐதோசும் உளதெனப் பழம்புலவர் ஒருவர் பாடியதைச் சாக்ரடீசு ஆண்டு மறுக்கின்றார். நோயையும் வறுமையையும் மாந்தர் அஞ்சுவர். அவற்றின் முன் நாணுவாரல்லர். ஐதோசு உள்வழி அச்சம் உண்டு. அச்சம் உள்வழியெல்லாம் ஐதோசு இல்லை என்பது அவர் முடிபு. மதிக்கத்தக்கார் முன்னிலையை எண்ணி, தகாத செயலைச் செய்யுமுன்னரே தடுத்து நிறுத்தும் உணர்வே ஐதோசு எனலாம்.

ஓமரின் இலியட்டில் இதற்குச் சான்று பல. மறவர் சிதறாதவாறு காத்தவை ஐதோசும் தெயோசும் என இரண்டனையும் 15-ஆம் காண்டம் இணைத்தே கூறுகின்றது. தன் பிழையால் படை அழிந்ததென்று ஊரார் பழிப்பரே என நாணி எக்டர் மதிற்புறத்தே நின்றதும், மகனை இழந்த முதுவேந்தன் பிரயாம் தெய்வங்களை மதித்து இரங்குமாறு அக்கிலீசை வேண்டியதும் இச்சொல்லடியாகவே சொல்லப்படுகின்றன. இவற்றுள் மகளிர் கூச்சத்திற்கு யாதும் இடமின்று.

1611-ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு, திமொத்தேயு திருமுகத்தில், நாணத்தாற் பிணிப்புண்ட தன்மை எனப் பொருள்படும் பழஞ்சொல்லை ஆண்டது. பிற்பதிப்புக்களில் அது, ஒலியொப்புமையால், முகத்தில் தோன்றும் நாணம் எனத் திரிந்தது. 1881-ஆம் ஆண்டுத் திருத்தமே பழஞ்சொல்லை மீட்டது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பிலுள்ள 'நாணம்' தக்க சொல்லே. ஆயினும் அதனைக் கேட்ட அளவில் மகளிர் நாணமே பலர்க்கும் நினைவில் எழும். வள்ளுவர் இவ்விடர் உணர்ந்தார் போலும்; 'நாணுடைமை' அதிகாரத்து முதற்குறளிலேயே தகாச் செயல்பற்றி எழும் நாணினை மகளிர் நாணினின்றும் பிரித்துவிட்டார்.

திமொத்தேயு திருமுகம் ஐதோசினைத் தனித்துக் கூறவில்லை. 'சோப்ரொசுனே' என்னும் தன்னடக்கத்தோடு சேர்த்தே கூறுகின்றது. இவ்விணையும் கிரேக்கத்தில் பழையது. ஐதோசு பெரும்பாலும் தன்னடக்கத்தின் பாற்பட்டது என்னும் கருத்தைத் தூசிடைடீசு தம் வரலாற்றின் முதற்பகுதியிற் குறிக்கின்றார். கி. மு. 432-இல், ஏதென்சோடு போர் தொடுப்பதா என்று ஆய்ந்த அவையில், தம் மறவர்தம் இயல்பைக் குறித்து அதனைக் கூறியவன் சுபார்த்தா வேந்தன் ஆர்க்கிடாமசு.